எட்டுக்கு நாலு பலகையை எந்த வாளால் அரிவது?

புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள தெருக்களில் சட்டத்தரணிகளின் அலுவலகங்கள் பல மாடியில்தான் இருக்கின்றன. கீழே பிரதி எடுக்கும் கடை, தட்டச்சு செய்பவர்கள், தேநீர்க்கடை. மேலே போகும் படி, ஒருவர் ஏறினால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். நடுவில் ஒரு திருப்பம் வேறு. சட்டப் புத்தகங்களுக்குத் தட்டு அடிக்கவென்று வாங்கிவரும் எட்டடிக்கு நாலடி பிளைவூட் ஷீட் அந்தத் திருப்பத்தைத் தாண்டாது. 18 மில்லிமீற்றர்த் தடிப்பென்றால் ஒரு ஷீட்டே 30 கிலோவுக்கு மேல் வரும். ஆகையால் பட்டா லொறியில் வந்த பலகை வாசலில் இறங்கி, நடைபாதையிலேயே அரிபடுகிறது. கொட்டாஞ்சேனையின் பழைய வரிசை வீடுகளிலும் நிலைமை இதுதான். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மின்தூக்கி இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்குள் எட்டடிப் பலகை நிமிர்ந்து நிற்காது. அங்கே வாகனத் தரிப்பிடம்தான் பட்டறை.

இந்த நடைபாதைப் பட்டறையில் தச்சு பாஸ்மார் கையில் நான் அதிகம் காண்பது மரம் அரியவென்று செய்த வாளை அல்ல. மாபிளும் தரை ஓடும் வெட்டுவதற்கான நாலங்குலக் கட்டரை, பல் வைத்த மரவில்லை ஒன்றைப் பூட்டிப் பலகைக்குப் பயன்படுத்துகிறார்கள். இலங்கையில் மட்டுமல்ல, இந்தியாவிலும் இது பரவலான வழக்கம். இந்த வழக்கத்தைத்தான் எடைபோட விரும்புகிறேன். பெரிய பலகையைப் பிசகின்றி அரிவதற்கு எந்த வாள் சரி என்ற கேள்விக்கு நம் ஊரில் கிடைத்திருக்கும் நடைமுறைப் பதில் இதுவாக இருப்பதால், அது எவ்வளவு தூரம் நல்ல பதில் என்று பார்க்காமல் வேறு வாள்களைப் பரிந்துரைப்பதில் பயனில்லை.

மாபிள் கட்டரைத் தேர்ந்தவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் மின்கருவிகளைப் பார்ப்பவருக்கு அது புரியும்: சுவர் வெட்டவும், ஓடு வெட்டவும், பலகை அரியவும் ஒரே கருவி உதவும் என்றால், நாட்கூலிக்கு வேலை செய்பவர் மூன்று கருவி வாங்க மாட்டார். பாரம் குறைவு, ஒரு கையால் தூக்கித் தோட்பைக்குள் போடலாம். 110 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 34 மில்லிமீற்றர் ஆழம் வரை இறங்கும், 18 மில்லிமீற்றர்ப் பலகைக்கு அது தாராளம். நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடுவதாலும், சிறிய வில்லையில் 30, 40 பல் நெருக்கமாக இருப்பதாலும், கூரான புது வில்லையாக இருக்கும்போது அரிந்த விளிம்பு வழுவழுப்பாகவே வரும். வெட்டு கரடுமுரடாக வருமென்று இந்த வழக்கத்தைப் பழிப்பவர்கள் இந்த விளிம்பைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

குறை, கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. மாபிள் வெட்டும் வைர வில்லைக்குப் பல் கிடையாது. அது கல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பிளக்கிறது. எங்காவது சிக்கினாலும் உதைப்பு குறைவு. அந்த இடத்தில் பல்வில்லையைப் பூட்டியதும் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. பல் தேய்ப்பதில்லை, கடிக்கிறது. 110 மில்லிமீற்றர் வில்லை 12,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு விநாடிக்கு 69 மீற்றர் வேகத்தில் போகிறது. ஏழங்குல மரவாள் 5,000 சுற்றில் ஓடினால் விளிம்பு வேகம் 50 மீற்றருக்கும் குறைவுதான். கட்டரின் அந்த வேகத்தில் பல்லொன்று பலகையில் இறுகிக்கொண்டால் கருவி முழுவதும் பின்னோக்கி, பிடித்திருப்பவரை நோக்கி எகிறும். மரம் அரியும் வட்டவாளில் வில்லையின் கீழ்ப் பாதியை மூடும் தகடு ஒன்று உண்டு: அரியும்போது பின்வாங்கி, பலகையை விட்டு வெளியே வந்த கணத்தில் தானாகவே மூடிக்கொள்ளும். மாபிள் கட்டரில் அது இல்லை. அரிந்து முடித்துக் கையைத் தாழ்த்தும்போது வில்லை இன்னும் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது, சாரத்துக்கும் முழங்காலுக்கும் அருகே.

நேர்த்தியிலும் அது தோற்கிறது. அதன் அடித்தட்டு சிறியது. ஓடு ஒன்றின் நீளத்தை வெட்டுவதற்கு அளவானது. எட்டடி நீளத்துக்கு அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது அடித்தட்டின் முனை இப்படியும் அப்படியும் மயிரளவு திரும்புகிறது. வில்லை அந்தத் திரும்பலைப் பெரிதாக்குகிறது. வழிகாட்டிச் சட்டம் வைத்தாலும், சட்டத்தோடு உரசும் விளிம்பு குட்டையாக இருப்பதால் நேராகப் பற்றி நிற்பதில்லை. தட்டுக்கு இரண்டடித் துண்டு வெட்டும்போது இது தெரியாது. அலுமாரியின் பக்கப்பலகை ஏழடி. இரண்டு பக்கப்பலகைகளும் நடுவில் ஆளுக்கொரு பக்கம் வயிறு தள்ளியிருந்தால் கதவு பூட்டும் நாளில்தான் வீட்டுக்காரர் காண்பார். அப்போது பழி கீலின்மேல் விழும்.

இதைவிடக் கவலை தரும் வடிவம் ஒன்று இருக்கிறது. கட்டரைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு பலகையின் அடியில் திருகாணியால் இறுக்கி, வில்லை மேலே எட்டிப்பார்க்கும்படி செய்து, சுவிட்சைப் பூட்டி விடுகிறார்கள். மேசைவாள் தயார். மேசைவாளுக்கு வேண்டிய மூடி இல்லை. அரிந்த பிளவு மீண்டும் ஒடுங்கி வில்லையைப் பிடித்துவிடாமல் வில்லைக்குப் பின்னால் நிற்க வேண்டிய பிளவுத்தகடு இல்லை. நேர்ச்சட்டம் கண்ணளவில் ஆணி அடித்தது. அவசரத்தில் நிறுத்த வேண்டுமென்றால் குனிந்து பலகைக்கு அடியில் கைவிட வேண்டும், அல்லது பிளக்கைப் பிடுங்க வேண்டும். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றை இந்த ஒடுங்கிய மேசையின்மேல் தள்ளும்போது பாரம் ஒரு பக்கம் தொங்குகிறது. ஒருவர் தாங்குகிறார், ஒருவர் தள்ளுகிறார். தள்ளுபவரின் விரல் வில்லைக்கு நேரே வருகிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு பக்கத்தில் இருக்கிறது என்பது இதற்கு ஆறுதல் அல்ல.

நீதிமன்ற வளாகத்தின் நிழலில் இந்த வேலை நடப்பதால் சட்டத்தையும் சொல்ல வேண்டும். ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பு வேலி வேண்டும் என்பதை 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வேலையில் விரல் இழந்தவருக்கு நட்டஈடு என்ற கோட்பாடு அதற்கும் முந்தியது, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் வந்தது. நடைபாதையோ தொழிற்சாலை அல்ல. இரண்டு நாள் வேலைக்கு வந்த பாஸுக்கு முதலாளி யார் என்பதே விவாதத்துக்குரிய கேள்வியாகிவிடும். சட்டம் படித்தவர்களின் புத்தகத் தட்டு, சட்டத்தின் கை எளிதில் எட்டாத முறையில் அரிபடுவது எனக்கு மனத்தைக் குடைகிறது.

சரி, எந்த வாள்? வாள்களின் வரலாற்றில் இரண்டு வழி உண்டு. 1906இல் பெர்லினில் வில்ஹெல்ம் அல்டென்டோர்ஃப் நகரும் மேசை கொண்ட வட்டவாளைச் செய்தார். அங்கே வாள் ஓரிடத்தில் நிற்கும், பலகை மேசையோடு சேர்ந்து நேர்கோட்டில் நகரும். 1920களில் அமெரிக்காவின் எட்மண்ட் மிஷெல் கையில் பிடித்து ஓட்டும் மின்வாளைச் செய்தார். அங்கே மரம் கிடக்கும், வாள் நகரும். பெரிய பலகைக்கு இந்த இரண்டு வழியும் சரி. இரண்டுக்கும் நடுவே, சிறிய மேசைவாளின்மேல் பெரிய ஷீட்டைக் கைபலத்தால் தள்ளுவதுதான் தவறு. விலையுயர்ந்த மேசைவாளாக இருந்தாலும் சுற்றிலும் பலகையைத் தாங்கும் பரப்பு இல்லாவிட்டால் அதே தவறுதான். மரவேலை என்றாலே மேசைவாள் வாங்கு என்று அறிவுரை சொல்பவர்கள் பெரிய கொட்டகை உள்ள ஊர்களை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். கொழும்பில் அந்த இடம் யாருக்கு இருக்கிறது?

முதல் வழி நம் ஊரில் பலகைக் கடைகளின் பெனல் சோவாக வந்திருக்கிறது. மெலமைன் பலகையும் எம்டிஎஃபும் விற்கும் கடைகள் பல, அளவு எழுதிக் கொடுத்தால் அரிந்து, விளிம்புப் பட்டியும் ஒட்டித் தருகின்றன. நல்ல பெனல் சோவில் பெரிய வில்லைக்கு முன்னால் ஒரு சிறிய கீறுவில்லை எதிர்த்திசையில் சுழன்று, பலகையின் அடிப்பக்கத்தில் மெல்லிய கீறலொன்றைப் போட்டுவிடுகிறது. பெரிய பல் வந்து வெளியேறும்போது உதிர்வதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. மெலமைன் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்வதை இதுபோல் தடுக்கும் கைக்கருவி மிகக் குறைவு. மூலைவிட்டம் அளந்தால் இரு பக்கமும் ஒத்து வரும். நீண்ட நேர்வெட்டு எதுவானாலும் கடையில் அரிவித்துக்கொண்டு வருவதே சிறந்தது என்பது என் முடிவு. துண்டுகளாக வருவதால் படியிலும் ஏறும்.

ஆனால் கடைக்கு எழுதிக் கொடுக்கும் பட்டியலில் வாள் தின்னும் அளவைச் சேர்க்காமல் விடுவது அன்றாடம் நடக்கிறது. ஒரு பெரிய வில்லை போகும் பாதை ஏறத்தாழ ஒரு நூல், அதாவது எட்டிலொரு அங்குலம். நாலடி அகலத்தில் பன்னிரண்டு அங்குலத் தட்டு நான்கு கேட்டால் நான்காவது தட்டு குறைந்துதான் வரும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு நூலை விட்டுக்கொடுத்து 11⅞ அங்குலம் என்று எழுதினால், நான்குக்கும் 47½ அங்குலம், மூன்று வெட்டுக்கு மூன்று நூல், மீதி ஒரு நூல் ஓரம் சீர்செய்ய மிஞ்சும். சட்ட அறிக்கைத் தொகுதிகளுக்கு அந்த ஒரு நூல் எந்தக் குறையையும் செய்யாது. பட்டியலை எழுதுபவர் பாஸாக இருந்தால் இதைப் பெரும்பாலும் கவனிப்பார். வீட்டுக்காரர் தானே எழுதிக்கொண்டு போகும்போதுதான் கணக்கு தவறுகிறது.

கடைவெட்டின் எல்லை எங்கே தெரிகிறதென்றால், சுவரில். புதுக்கடைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தால் நிமிர்ந்து நிற்கும் சுவர் அரிது. பூச்சுக்குமேல் பூச்சாக ஏறி, மூலைகளும் செங்கோணத்தில் இல்லை. ஒரு மில்லிமீற்றர் பிசகாமல் கடையில் அரிந்த பலகையை அந்தச் சுவரில் வைத்தால் மேலே விரல் போகும், கீழே தாள்கூடப் போகாது. பலகையின் நேர்மை சுவரின் கோணலைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே சுவரைத் தொடும் துண்டுகளை மட்டும் ஓரங்குலம் கூட்டி அரிவித்து, இடத்தில் வைத்து, சுவரின் வளைவைப் பென்சிலால் பலகைமேல் இழுத்து, அந்தக் கோட்டில் அரிய வேண்டும். அதற்குக் கைவாளோ வட்டவாளோ தேவை. கடையில் அரிந்த எல்லாவற்றையும் பூட்டினால் மட்டும் போதும் என்று ஒப்பந்தம் பேசுபவர்கள் இந்த வேலைக்குக் கூலி ஒதுக்குவதில்லை. பிறகு இடைவெளியை சிலிக்கனால் நிரப்புகிறார்கள்.

இரண்டாவது வழிக்கு வரலாம். நடைபாதையில் அரியத்தான் வேண்டுமென்றால் ஏழங்குல வட்டவாள் போதும். நம் வீட்டு 230 வோல்ட் மின்னில் சாதாரண 13 அம்பியர் பிளக்கிலேயே ஓடும். விலை மாபிள் கட்டரைவிடக் கூடுதல், பாரமும் கூடுதல். அடித்தட்டு அகலமும் நீளமும் உள்ளது, கீழ்மூடி உள்ளது. வாளோடு வரும் வில்லை பெரும்பாலும் 24 பல். மரச்சட்டம் நெடுக்காக அரிய அது நல்லது, பிளைவூட்டின் முகத்தாளைக் குறுக்காக அரிந்தால் ஓரமெல்லாம் சிலும்பிவிடும். 40 பல்லாவது வேண்டும், 60 இருந்தால் இன்னும் நல்லது. வாளின் பெயரைப் பார்த்துக் காசை அள்ளிக் கொடுத்துவிட்டு வில்லையில் மிச்சம் பிடிப்பதைத் தலைகீழாக்கச் சொல்வேன்: நடுத்தர வாள், நல்ல வில்லை.

வேலையின் உயிர் வழிகாட்டிப் பலகையில் இருக்கிறது. அதைச் செய்வது எளிது. எட்டடிக்கு மேல் நீளமான மெல்லிய பிளைவூட் பட்டை ஒன்று கிடைத்தால் அதுவே அடி. ஷீட் நீளமே எட்டடி என்பதால் இரண்டு துண்டை ஒட்டித்தான் பெரும்பாலும் செய்ய வேண்டியிருக்கும். அதன்மேல், கம்பனி ஓரம் கெடாத இன்னொரு பட்டையை நீளவாட்டில் ஒட்டித் திருகாணி போட வேண்டும். வாளின் அடித்தட்டை அந்த மேற்பட்டையோடு ஒட்டிவைத்து ஒருமுறை முழு நீளத்துக்கும் ஓட்டினால், அடிப்பட்டையின் மிச்சப் பகுதி அரிபட்டுப் போகும். இனி அடிப்பட்டையின் ஓரம்தான் வாள் போகும் கோடு. அளவுக் குறியில் அந்த ஓரத்தை வைத்து, இரு முனையிலும் ஜி கிளாம்ப் இறுக்கினால், வில்லைக்கும் அடித்தட்டின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு தடவையும் கழித்துக் கணக்குப் பார்க்கும் தொல்லை இல்லை. முகத்தாளின்மேல் பட்டை அழுத்தி நிற்பதால் அந்தப் பக்கம் சிலும்பும் குறைகிறது. விலையுயர்ந்த தண்டவாள வாள்கள் செய்வதும் அடிப்படையில் இதைத்தான்.

கைவட்டவாளின் பல் கீழிருந்து மேலாக ஏறி அரிகிறது, உதிர்வது மேல்முகம். ஆகவே நல்ல முகம் கீழே. மேசைவாளிலும் கைவாளிலும் இது மாறும், நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். இந்த ஒன்றை மறந்து தேக்கு முகத்தாள் ஒட்டிய பலகையைக் கெடுத்தவர்களை எந்த மரக்காலையிலும் விசாரித்தால் காட்டுவார்கள். பலகையின் அடியில் நாலைந்து றீப்பைகளைத் தரையில் பரப்பி, வெட்டுக்கோட்டின் இருபுறமும் தாங்கு வரும்படி வைத்து, வில்லையின் ஆழத்தைப் பலகைத் தடிப்பைவிட ஐந்து மில்லிமீற்றர் மட்டும் கூட்டினால், அரிந்த துண்டு தொங்கி வில்லையை இறுக்காது. அந்தரத்தில் இரண்டு முக்காலிமேல் ஷீட்டை வைத்து நடுவில் அரிவதுதான் உதைப்புக்கு முதற்காரணம். அரியுமுன் மூலைவிட்டம் அளக்க வேண்டும்: 2440க்கு 1220 பலகையில் இரண்டும் 2728 மில்லிமீற்றர் வர வேண்டும். மூலைமட்டத்தை மட்டும் நம்பினால், ஓரடியில் ஒரு மில்லிமீற்றர் பிசகு எட்டடியில் எட்டு மில்லிமீற்றராகிவிடும்.

ஜிக்சோ வளைவுக்கும், பன்ட்ரி மேற்பலகையில் சிங்க் இறக்கும் துளைக்கும் உரியது. தடித்த பலகையில் அதன் ஒல்லி வாள் அடியில் சாய்ந்துவிடும், நேர்வெட்டுக்கு வேண்டாம். கைவாள் இன்னும் இறந்துவிடவில்லை. மின்வெட்டு நேரத்திலும், சுவரோரம் பொருத்தும் கடைசி நூல் அளவிலும் அதற்கு ஈடில்லை. ஆனால் பிளைவூட்டின் பசை பல்லை வேகமாக மழுக்கும். இன்று கடையில் விற்கும் கடினப்பல் வாள்களை முக்கோண அரத்தால் தீட்டவும் முடியாது.

பலகையை வீணாக்காமல் அரிவதற்கு இலங்கையில் தனிப்பட்ட ஒரு நியாயம் இருக்கிறது. நம் நாட்டு பிளைவூட் தொழில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜின்தோட்டையில் தேயிலைப் பெட்டிகளுக்காகத் தொடங்கியது. பின்னர் கொஸ்கமவில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. அதற்கு மரம் கொடுக்க 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ வனத்துக்குள் இயந்திரங்கள் இறங்கின. எதிர்ப்பு வலுத்து 1977இல் வெட்டு நின்றது. 1988இல் அந்தக் காடு உலக மரபுரிமையானது. இன்று நாம் வாங்கும் பிளைவூட்டில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது ஷீட் விலையும் அதோடு ஏறியது. கோணலாக அரிந்த ஒரு பக்கப்பலகை, நல்ல வில்லை ஒன்றின் விலையை எளிதில் விழுங்கிவிடும்.

தூசியையும் விட்டுவிட முடியாது. மரத்தூளையும், பிளைவூட் பசையிலுள்ள ஃபோமல்டிஹைட்டையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவையாக சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. வேகம் கூடிய சிறிய வில்லை எழுப்பும் தூள் மிக நுண்ணியது. வட்டவாள்கள் பலவற்றில் தூள் வெளியேறும் வாய்க்குக் குழாய் பூட்டலாம். மாபிள் கட்டர்களில் பெரும்பாலானவற்றில் அதற்கு இடமே இல்லை. தேநீர்க்கடை வாசலில் அரியும்போது அந்தத் தூள் பாஸின் மூக்கோடு நிற்பதில்லை.

இவ்வளவையும் பாஸின் தலையில் சுமத்துவது நியாயமில்லை. அவர் சொல்லும் மொத்த விலையைக் குறைத்துப் பேரம் பேசும்போது நாம் குறைப்பது வாளையும் வில்லையையும்தான். வேலை கொடுப்பவர் விலைப்பட்டியலில் அரிதலைத் தனி வரியாகக் கேட்கலாம்: கடையில் அரியும் கூலி இவ்வளவு, சுவரோரம் பொருத்தி அரிய இவ்வளவு, 60 பல் வில்லை ஒன்று இவ்வளவு. வில்லைக்கு வேலை கொடுப்பவரே காசு கொடுத்து, முடிந்ததும் பாஸிடமே விட்டுவிடலாம். வட்டவாள் வந்த பிறகும் அதன் கீழ்மூடி அரியும்போது தடுக்கிறதென்று கம்பியால் கட்டி மேலே தூக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அப்படிக் கட்டிய வாள் மாபிள் கட்டருக்குச் சமம். கம்பியை அவிழ்த்து மூடி தடையின்றித் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகே முதல் ஷீட்டை றீப்பையில் போடச் சொல்லலாம். தலைகீழ் மேசை மட்டும் எந்த விலைக்கும் வாசலுக்கு வரக்கூடாது.